கை வைத்திருக்கும்போது உணரும் அலை யாருடையது? நோயாளியுடையதா, நம்முடையதா?

தொடுபயிற்சி:

வணக்கம். ஆஸ்டியோபதியில் (கையால் தொட்டும் அழுத்தியும் செய்யும் சிகிச்சை முறை) தலைப்பிடி கற்கும்போது எழும் கேள்வி இது.

நோயாளி மல்லாந்து படுத்திருக்கிறார். சிகிச்சையாளர் தலைமாட்டில் உட்கார்ந்து பின்மண்டையை இரு கைகளிலும் ஏந்தியிருக்கிறார். மூன்று நான்கு நிமிடம் போனதும் விரலுக்கடியில் ஏதோ மெல்ல விரிந்து சுருங்குவதுபோல் ஓர் அலை தெரிகிறது, நிமிடத்துக்கு 8 முதல் 12 தடவை. இது நோயாளியின் மண்டையோட்டு அசைவு என்கிறார்கள் சிலர். சிகிச்சையாளரின் சொந்த நாடிதான் என்கிறார்கள் வேறு சிலர். இருவர் உடலும் ஒத்திசைந்து ஒரே அலை ஆகிவிடுகிறது என்பது மூன்றாவது தரப்பு.

1. உடலியங்கியல்படி எது சரி?
2. சிகிச்சையாளரின் நிலை (பதற்றம், மூச்சு, களைப்பு) நோயாளியின் உடலுக்குப் போய்ச் சேருமா? சேரும் என்றால் எந்த வழியாக?
3. 12 நோயாளிகள், ஒரே சிகிச்சையாளர், இருவருக்கும் நாடியைப் பதியும் மார்பு பெல்ட். 10 நிமிடப் பிடிக்கு முன்னும் பின்னும் ஆர்.எம்.எஸ்.எஸ்.டி. (அடுத்தடுத்த துடிப்புகளின் இடைவெளி எவ்வளவு மாறுகிறது என்பதன் அளவு) எடுத்து, இருவருக்கும் சேர்ந்து ஏறினால் "ஒத்திசைவு உண்டு" என்று எழுதலாம் என்பது திட்டம். இது போதுமா?

இழைநாடி:

முதல் கேள்விக்கு மட்டும் இப்போது.

விரல் நுனியில் ஒரே நேரத்தில் குறைந்தது ஆறு அசைவுகள் வந்து சேர்கின்றன. நோயாளியிடமிருந்து மூன்று: இதயத் துடிப்பு, மூச்சு (ஓய்வில் நிமிடத்துக்கு 12–16), ரத்த அழுத்தம் தானாக ஏறி இறங்கும் மெதுவான அலை (நிமிடத்துக்கு ஏறத்தாழ 6, அதாவது 0.1 ஹெர்ட்ஸ்). இதே மூன்றும் சிகிச்சையாளரின் விரலுக்குள்ளும் ஓடுகின்றன. தோலிலுள்ள அழுத்த உணர்விகளுக்கு எது உள்ளிருந்து வந்தது, எது வெளியிலிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்லத் தெரியாது. இரண்டு தோல்களும் ஒட்டியிருக்கும் இடத்தில் அழுத்தம் என்ன என்பதை மட்டும்தான் அவை சொல்லும். நார்டன் 1991-இல் முன்வைத்த திசு அழுத்த மாதிரியும் இதைத்தான் சொல்கிறது: கையில் தெரியும் மண்டையோட்டு அலை, இருவரின் ரத்த ஓட்டமும் மூச்சும் கலந்து உண்டாகும் உணர்வு.

கலப்பு என்றால் என்ன என்பதைக் கணக்காகப் பாருங்கள். நோயாளி நிமிடத்துக்கு 15 மூச்சு, நீங்கள் 13 என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே இடத்தில் கூடும்போது அசைவு நிமிடத்துக்கு 2 முறை பெருத்து, 2 முறை மெலியும். அரை நிமிடத்துக்கு ஒரு தடவை வரும் இந்த மெதுவான வீக்கம் இருவரில் எவருடைய உடலிலும் தனியாக இல்லை. தொடும் இடத்தில் மட்டுமே இருக்கிறது. ஆகவே "அலை உண்மையாகத் தெரிகிறது" என்பதும் "அது மண்டையோட்டிலிருந்து வருவதில்லை" என்பதும் ஒருசேர உண்மையாக இருக்கலாம்.

இன்னொன்று. மண்டையோட்டுப் பிடிக்கு 5 கிராம் அழுத்தம் போதும் என்று வகுப்புகளில் சொல்வார்கள். பின்மண்டையை ஏந்தும் பிடியில் அது நடக்கவே நடக்காது. தலையின் எடை 4 முதல் 5 கிலோ, அது முழுவதும் கைமேல்தான் இருக்கிறது. உள்ளங்கை முழுக்கப் பரவி இருந்தால் பரவாயில்லை. ஆனால் விரல் நுனியை மேல்நோக்கி வளைத்துப் பிடிக்கும்போது, 2 சதுர செ.மீ. நுனிமேல் 200–250 கிராம் விழுந்தாலே அழுத்தம் 75–90 மி.மீ. பாதரசத்தைத் தொட்டுவிடும். அது உங்கள் சராசரித் தமனி அழுத்தத்துக்குப் பக்கத்தில். வெளி அழுத்தமும் தமனியின் சராசரி அழுத்தமும் நெருங்கும்போதுதான் நாடித் துடிப்பு மிகப் பெரிதாகத் தெரியும். தானியங்கி ரத்த அழுத்தக் கருவி வேலை செய்வதே இந்தத் தத்துவத்தில்தான். அதாவது, இந்தப் பிடியில் உங்கள் விரல் உங்கள் நாடியைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி ஆகிவிடுகிறது.

சோதிப்பது எளிது. தலையணை உறைக்குள் மணலோ அரிசியோ 4.5 கிலோ போட்டுத் தலையளவுக்கு உருட்டிக் கட்டுங்கள். அதே நாற்காலி, அதே மேசை உயரம், அதே பிடி. 5 நிமிடம் வைத்திருந்து, தெரியும் அலையை எண்ணி எழுதுங்கள். பிறகு நோயாளியின் தலை. மூட்டையிலும் அலை வந்தால், அது எத்தனை, எவ்வளவு பெரிது என்பது உங்கள் சொந்தக் கணக்கு.

ஒரே நபரை இரண்டு மூன்று பேர் தொட்டு எண்ணும் சோதனைகள் 1990-களிலேயே நடந்தன. 1994-இல் வெளிவந்த ஒன்றில், சோதனையாளர்களின் எண்ணிக்கை ஒருவருக்கொருவர் ஒத்துப்போகவே இல்லை. 2001-இல் வந்த இன்னொன்று தலையிலும் சேக்ரத்திலும் (முதுகெலும்பின் அடியிலுள்ள எலும்பு) எண்ண வைத்துப் பார்த்தது. சோதனையாளர்களுக்கு இடையே அங்கும் ஒப்புமை இல்லை. நோயாளிக்குள் மட்டுமே ஓர் அலை இருந்திருந்தால் இப்படி வராது.

விலாக்கூடு:

இரண்டாவது கேள்விக்கு என் பதில்: சேரும். ஆனா மர்மமான வழி எதுவும் வேண்டாம், சாதாரண வழிகளே நிறைய இருக்கு. சரிசெய்யவும் முடியும்.

மூச்சு முதல்ல. ஒரு பிடி கஷ்டமா இருந்தா சிகிச்சையாளர் தன்னையறியாம மூச்சை அடக்குவார். தொடர்ந்து தசையை இறுக்கிப் பிடிச்சிருந்தாலே நாடியும் ரத்த அழுத்தமும் ஏறும். மூச்சையும் அடக்கினா இன்னும் ஏறும். அதோட முன்கை விறைக்கும், கையில அழுத்தம் கூடும், பிடரித் தசை உடனே எதிர்த்து இறுகும். இறுக்கம் நோயாளியோடதுன்னு நினைச்சு இன்னும் ஆழமா அழுத்துவோம். இந்தச் சுழல்தான் தினமும் நடக்கிற "உடலியங்கியல் பரிமாற்றம்". காதுக்குக் கேக்குற மாதிரி நீளமா மூச்சு விட்டா நோயாளியும் பல நேரம் கூடவே விடுவார். அவர் கண்ணை மூடியிருந்தாலும் உங்க மூச்சுச் சத்தம் அவர் தலைக்கு ரெண்டு சாண் தூரத்துலதானே இருக்கு.

அடுத்தது நடுக்கம். எல்லார் கையிலயும் விநாடிக்கு 8–12 தடவை மெல்லிய நடுக்கம் எப்பவும் உண்டு. முழங்கை அந்தரத்துல இருந்தா, தோள் களைச்சா அது கூடும். விநாடிக்கு 5 முதல் 50 வரை வர்ற அதிர்வைப் பிடிக்கத்தான் தோல்ல மெய்ஸ்னர் உணர்விகள் இருக்கு, அதனால நோயாளிக்கு அது நல்லாவே தெரியும். அவர் "கை நடுங்குது"ன்னு சொல்ல மாட்டார். தாடையை லேசாக் கடிப்பார், இல்லேன்னா கால் கட்டைவிரலை மடக்குவார். அதைக் கவனிங்க.

செய்ய வேண்டியது:

மேசை உயரம்: உக்காந்த நிலையில முன்கை முழுசும் மேசைமேல படியணும், தோள் காதை நோக்கி ஏறக் கூடாது. படியலேன்னா முழங்கைக்கடியில மடிச்ச துண்டு.

கைச் சூடு: தோல் 32 டிகிரி செல்சியஸ் பக்கம் இருந்தா நோயாளிக்குச் சூடுன்னும் தோணாது, சில்லுன்னும் தோணாது. 26-27 டிகிரிக் கையைக் கழுத்துல வச்சா தோல் ரத்தக்குழாய் சுருங்கும், தசை இறுகும். வெதுவெதுப்பான தண்ணியில 1 நிமிஷம் போதும், ஈரம் நல்லாத் துடைச்சுடுங்க.

அழுத்தம்: மேல இருந்து தொடுற பிடிகளுக்குச் சமையலறை எடைக்கருவி மேல ஸ்பாஞ்ச் வச்சுப் பழகுங்க. 20, 50, 100, 200 கிராம். கண்ணை மூடி 50-ல 2 நிமிஷம் நிறுத்தி, அப்புறம் எண்ணைப் பாருங்க. பலருக்கும் அது மெதுவா ஏறிட்டே போயிருக்கும். சிகிச்சை நடுவுல நோயாளி "இப்ப அழுத்தமா இருக்கு"ன்னு சொல்றதுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

கழுத்து முன்பக்கம் விரல் போனா கரோட்டிட் சைனஸ் இருக்கு, கழுத்துத் தமனியில ரத்த அழுத்தத்தை உணர்ற இடம். தைராய்டு குருத்தெலும்பின் மேல்விளிம்பு மட்டத்துல ரெண்டு பக்கமும். அங்க அழுத்தினா நாடி திடீர்னு குறையும், சிலருக்கு மயக்கமே வரும். நாடி குறைஞ்சதைப் பார்த்து "நல்லா ரிலாக்ஸ் ஆயிட்டார்"னு எழுதிடாதீங்க. கண் குழி மேல விரல் அழுந்தினாலும் அதே ஆபத்து, இதயத்தை மெதுவாக்குற வேகஸ் நரம்பு வழியா நாடி இறங்கும். பிடி முடிஞ்சதும் நேரா எழுப்பாம பக்கவாட்டில உக்கார வச்சு 1–2 நிமிஷம் விடுங்க.

அமைதிக்கை:

மதிப்புடன் ஒரு மாற்றுக் கருத்து. இழைநாடி சொல்வதைக் கேட்டால் எல்லாமே மாயை என்று ஆகிவிடும்போல் இருக்கிறது. மெதுவான தொடுதலுக்கென்றே சி-டேக்டைல் நரம்பிழைகள் மனிதத் தோலில் இருப்பது நிரூபணமானது. காதல் இணைகள் கைகோத்திருக்கும்போது அவர்களின் மூச்சும் நாடியும் இணைவதை 2017-இல் அளந்து காட்டியிருக்கிறார்கள். அப்படியானால் தலைப்பிடியில் இருவர் உடலும் ஒத்திசைகின்றன என்பதில் என்ன தவறு?

இழைநாடி:

மாயை என்று நான் சொல்லவில்லை, அமைதிக்கை. எந்தச் சான்று எதற்குப் பொருந்தும் என்பதில்தான் கறாராக இருக்கச் சொல்கிறேன்.

சி-டேக்டைல் இழைகள் அதிகம் துடிப்பது கை நகரும்போது: விநாடிக்கு 1 முதல் 10 செ.மீ. வேகத்தில், உச்சம் 3 செ.மீ. அருகில், அதுவும் தொடும் பொருள் தோலின் சூட்டில் இருக்கும்போது. அசையாமல் 10 நிமிடம் ஏந்தியிருக்கும் பிடி அந்த நிபந்தனையில் வராது. மெதுவாக வருடும் மென்திசு நுட்பத்துக்கு அந்த விளக்கத்தைத் தாராளமாகச் சொல்லுங்கள், தலைப்பிடிக்கு வேண்டாம்.

2017 ஆய்வில் இருந்தவர்கள் காதல் இணைகள். ஒருவருக்கு வலி கொடுக்கப்பட்டது, மற்றவர் கைபிடித்தார். உறவு, வலி, பரிவு மூன்றும் அதில் உண்டு. முன்பின் அறியாத சிகிச்சையாளருக்கு அதை அப்படியே தூக்கி வைக்க முடியாது. சிகிச்சையாளரும் நோயாளியும் என்றால் 2020-இல் வந்த ஆய்வு இன்னும் நெருக்கமானது. இருவரும் தனித்தனி எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுத்து, காணொளியில் ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்தார்கள். காலில் செருகிய மின் அக்குபங்சரைச் சிகிச்சையாளர் தொலைவிலிருந்து இயக்கினார். முகபாவங்கள் ஒன்றையொன்று பின்பற்றின, மூளைச் செயல்பாட்டிலும் ஒப்புமை தெரிந்தது. அங்கே கை தொடவே இல்லை! இணைவு வருவதற்குத் தொடுதல் கட்டாயம் இல்லை என்றால், தொடும்போது வரும் இணைவைத் தொடுதல்தான் உண்டாக்கியது என்று எப்படி எடுத்துக்கொள்வது? முகம், குரல், மூச்சுச் சத்தம் எல்லாமே போட்டியில் இருக்கின்றன.

உங்கள் பக்கம் நிற்கும் சான்று ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. 2017-இலேயே வந்த இன்னொரு ஆய்வு. ஆரோக்கியமானவர்கள் 40 பேர், கணுக்காலில் அசையாத தொடுதல். அவர்களில் பாதிப் பேரைத் தொடும்போது தொடுபவர் கவனத்தைக் கையில் வைத்தார், மீதிப் பேரைத் தொடும்போது காதில் கேட்ட ஒலியில் வைத்தார். தொடப்பட்டவரின் மூளை இணைப்புகள் இரு குழுவிலும் வேறுபட்டன, அதுவும் நேரம் போகப் போகத்தான் அந்த வேறுபாடு தெரிந்தது. தொடுபவரின் கவனம் எங்கோ கையின் வழியாக வெளிப்படுகிறது என்பதற்கு இது நல்ல சான்று. விலாக்கூடு சொன்ன அழுத்தம், நடுக்கம், மூச்சு வழியாக அது போகலாம் என்பது என் கருத்து.

அலைக்கணக்கு:

மூன்றாவது கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். இப்போதைய திட்டத்தில் எண்கள் வரும், ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் வராது.

ஆர்.எம்.எஸ்.எஸ்.டி. என்பது ஒரு சராசரி எண். நோயாளி 10 நிமிடம் படுத்திருந்தாலே அது ஏறலாம். சிகிச்சையாளர் 10 நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருந்தால் அவருக்கும் ஏறலாம். இருவருக்கும் ஏறியது, இருவரும் ஓய்வெடுத்ததால். ஒத்திசைவு என்றால் ஒருவரின் ஏற்ற இறக்கம் மற்றவரின் ஏற்ற இறக்கத்தோடு நேரப்படி பொருந்த வேண்டும். அதற்கு முழு ஆர்-ஆர் இடைவெளித் தொடரும் (ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடைப்பட்ட நேரங்கள்), பொதுவான கடிகாரமும் தேவை.

கடிகாரத்தில்தான் அதிகம் சறுக்குவார்கள். மார்பு பெல்ட்கள் பெரும்பாலும் ஆர்-ஆர் இடைவெளிகளை மட்டும் அனுப்பும். நேரத்தை நாம் அவற்றைக் கூட்டித்தான் எடுக்கிறோம். புளூடூத்தில் ஒரு துடிப்பு தவறினால், 0.8 விநாடி காணாமல் போய், அதற்குப் பின்னால் உள்ள தொடர் முழுவதும் 0.8 விநாடி முன்னால் நகர்ந்துவிடும். 10 நிமிடத்தில் நான்கு துடிப்பு போனால் 3 விநாடிக்கு மேல் பிழை, மூச்சு அலையில் அது ஏறத்தாழ முக்கால் சுற்று. ஆகவே மூல இசிஜி பதியும் கருவிகளை எடுங்கள், இரண்டையும் ஒரே பதிவியில் சேருங்கள். அது முடியாவிட்டால் தொடக்கத்திலும் முடிவிலும் இரு மின்முனைகளையும் ஒரே நேரத்தில் ஐந்து முறை தட்டுங்கள். மூல சிக்னலில் அந்தத் தட்டல் முள்முள்ளாகத் தெரியும், இரு முனையிலும் பொருத்திக்கொள்ளலாம். ஆர்-ஆர் மட்டும் தரும் பெல்ட்டில் இந்த வித்தை பலிக்காது, தட்டல் பொய்த் துடிப்பாகப் பதிவாகிவிடும்.

மூச்சு பெல்ட் இருவருக்கும் கட்டாயம். ஏன் என்றால், நாடி மாறுபாட்டில் உயர் அலைவரிசை என்று எடுக்கும் பகுதி 0.15–0.40 ஹெர்ட்ஸ், அதாவது நிமிடத்துக்கு 9 முதல் 24 மூச்சு. சிகிச்சையாளர் "மையப்படுத்திக்கொள்ள" நிமிடத்துக்கு 6 மூச்சுக்கு இறங்கினால், மூச்சால் வரும் நாடி மாறுபாடு 0.1 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும். மென்பொருள் அதைத் தாழ் அலைவரிசையில் போட்டு, பரிவு நரம்பு (உடலைப் பரபரப்பாக்கும் நரம்பு மண்டலம்) தூண்டப்பட்டதுபோல் காட்டும். நடந்தது நேர்மாறு. மூச்சுப் பதிவு இல்லாமல் இதைக் கண்டுபிடிக்க வழியில்லை.

ஒப்பீட்டு நிலைகள் மூன்று வேண்டும். கை வைக்காமல் சிகிச்சையாளர் அதே இடத்தில் உட்கார்ந்திருப்பது, கவனத்துடன் பிடி, கவனம் வேறெங்கோ இருக்கும் பிடி. ஒவ்வொன்றும் 10 நிமிடம், இடையில் 5 நிமிட ஓய்வு, வரிசையைக் குலுக்கல் முறையில் மாற்றுங்கள். தொடங்குமுன் நோயாளி 10 நிமிடம் படுத்திருக்கட்டும். கை வைக்காத நிலையில் தலைக்கடியில் கையின் தடிமனுக்கு மடித்த துண்டு வைக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் கழுத்தின் கோணம் மாறி, நீங்கள் அளப்பது கழுத்து நிலையின் விளைவாகிவிடும்.

பிறகு பொய் இணைகள். சிகிச்சையாளரின் செவ்வாய்ப் பதிவை வியாழன் வந்த நோயாளியின் பதிவோடு சேர்த்து அதே கணக்கைப் போடுங்கள். 12 அமர்வுகளிலிருந்து 132 பொய் இணைகள் கிடைக்கும். உண்மை இணைகளின் ஒப்புமை இவற்றைத் தாண்டினால்தான் பேச்சு. இருவர் மூச்சும் நிமிடத்துக்கு 14-15 என்று இருந்தாலே, சம்பந்தமே இல்லாத இருவருக்கும் அழகான ஒப்புமை வந்துவிடும். கணக்கு முறைக்கு: ஆர்-ஆர் தொடரை 4 ஹெர்ட்ஸுக்கு (விநாடிக்கு 4 புள்ளிகள்) மாற்றி, 30 விநாடிச் சாளரத்தில் ஒப்பிட்டு, முன்பின் 5 விநாடி வரை தள்ளிப் பாருங்கள். யார் முன்னால், யார் பின்னால் என்பது அந்தத் தள்ளலில்தான் தெரியும்.

ஒரே சிகிச்சையாளர் என்பது பெரிய குறை. 12 பேரைத் தொட்டாலும் அது ஒரு சிகிச்சையாளரைப் பற்றிய செய்திதான். 4 பேர், ஒவ்வொருவரும் 3 நோயாளிகள் என்று மாற்றினால் அதே உழைப்பில் பயன் கூடும்; பொய் இணைகளை அப்போது சிகிச்சையாளர்வாரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயம் ஒழுங்கின்றித் துடிக்கும் நோய்) உள்ளவர்களையும், பேஸ்மேக்கர் வைத்தவர்களையும், நாடியைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்து எடுப்பவர்களையும் சேர்க்காதீர்கள்.

தொடுபயிற்சி:

அனைவருக்கும் நன்றி. திட்டத்தை 4 × 3 என்று மாற்றிவிட்டோம். இரண்டு ஐயம். கவனத்தை வேறெங்கோ வைப்பதை நடைமுறையில் எப்படிச் செய்வது? மூச்சு பெல்ட்டைச் சிகிச்சையாளருக்கு எங்கே கட்டுவது? முன்னால் குனிந்தால் சுருங்கிவிடுகிறது.

அலைக்கணக்கு:

காதொலிக் கருவியில் உயர், தாழ் என்று இரண்டு சுதி. தாழ்ந்ததை மட்டும் மனதுக்குள் எண்ணி, முடிவில் எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும். எண்ணிக்கை ரொம்பத் தவறாக இருந்தால் அந்தப் பதிவைத் தனியாகக் குறித்து வையுங்கள், கவனம் ஒலியில் இல்லை என்று பொருள். ஒலிகள் சீரான இடைவெளியில் வரக் கூடாது. 4 விநாடிக்கு ஒன்று என்று வைத்தால் மூச்சு அதோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு நீங்கள் அளப்பது அந்த ஒலியைத்தான். 3 முதல் 9 விநாடிக்குள் தாறுமாறாக வரட்டும். கவனப் பிடியிலும் அதே காதொலிக் கருவியை அணிந்து, அதே ஒலியை ஓடவிட்டு, எண்ணாமல் இருக்கச் சொல்லுங்கள். நோயாளிக்கு எந்த ஒலியும் கேட்கக் கூடாது.

விலாக்கூடு:

பெல்ட்டைச் சிகிச்சையாளருக்கு வயித்துல கட்டாதீங்க, குனியும்போது அது மடிஞ்சுதான் போகும். அக்குளுக்குக் கீழ, மார்பைச் சுத்திக் கட்டுங்க. மேசை உயரத்தை ஏத்தினா குனியுறதே குறையும். அப்புறம், பிடி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி அந்த நிலையில 1 நிமிஷம் வெறுமனே பதிவு ஓடட்டும். கையை உள்ள நுழைக்கிற அந்த 20-30 விநாடியில ரெண்டு பேர் நாடியும் குதிக்கும். அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டா பிரமாதமான ஒத்திசைவு மாதிரி தெரியும், ஆனா அது ரெண்டு பேரும் ஒரே நேரத்துல அசைஞ்சது மட்டும்தான். கை வச்ச பிறகு முதல் 1 நிமிஷத்தை வெட்டிட்டு அதுக்கப்புறம் கணக்கைத் தொடங்குங்க.